ஆயாவின் கேசட்டுகளுக்கு ஒரு வீட்டு சர்வர்

கேள்வி: டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். 2013-இல் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று மூலையில் கிடக்கிறது. மூன்றாம் தலைமுறை கோர் ஐ5, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 இதில் ஏற மறுக்கிறது. ஆயா கோயிலில் பாடிய தேவாரமும் திருப்புகழும் 60 கேசட்டில் இருக்கின்றன. ஒப்பந்தக் கூலியாக வந்த மூதாதையரின் காகிதங்களையும் ஸ்கேன் செய்திருக்கிறோம். தம்பி ஜோஹன்னஸ்பர்க்கில், மகள் பெர்த்தில். எல்லோரும் இருந்த இடத்திலிருந்தே கேட்கவும் பார்க்கவும் இந்தப் பழைய மெஷினை சர்வராக்க முடியுமா? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? லோட் ஷெடிங் வந்தால் என்ன ஆகும்?

பதில்: முடியும். மெஷினைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 11 அதை ஒதுக்கியதற்குக் காரணம் சக்திக் குறைவு அல்ல. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப்புகளை மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலில் ஏறக்குறைய முழுவதுமாக விட்டுவிட்டது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும் என்கிறது. நாலைந்து பேருக்குப் பாட்டும் படமும் எடுத்துக் கொடுப்பது உங்கள் ஐ5-க்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் விண்டோஸ் 10-ஐ வைத்தே ஓட்டாதீர்கள். அதற்கான பொதுவான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. லினக்ஸுக்கு மாறுங்கள்.

எனக்குப் பயம் உங்கள் மெஷினின் வயதைப் பற்றி அல்ல, அந்த 500 ஜிபி டிஸ்க்கைப் பற்றித்தான். ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதை எடுத்துக் காட்டும். ஐடி எண் 05, C5 என்ற இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள் (C5-ஐ 197 என்றும் குறிப்பார்கள்). கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பகுதிகள் எத்தனை என்பதை முதலாவது சொல்லும். படிக்க முடியாமல் தவிக்கும் பகுதிகள் எத்தனை என்பதை இரண்டாவது சொல்லும். இரண்டில் எது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தாலும் அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் வைக்காதீர்கள். இரண்டுமே பூஜ்யமாக இருந்தாலும் ஆயாவின் குரலை அதை நம்பி விடாதீர்கள். சிஸ்டத்துக்கு 250 ஜிபி அளவில் ஒரு எஸ்எஸ்டி, கோப்புகளுக்கு 2 டிபி-யில் புது ஹார்ட் டிஸ்க். பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் இது.

2 டிபி போதுமா என்று கேட்பீர்கள். 90 நிமிட கேசட் 60 என்றால் 5400 நிமிடம். சிடி தரத்தில் வேவ் கோப்பாகப் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, ஆக 54 ஜிபி. அதையே ஃபிளாக் ஆக்கினால் ஒலியில் ஒரு துளியும் குறையாமல் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். எம்பி3 ஆக நேரடியாகப் பதியாதீர்கள், தயவுசெய்து. டர்பனின் ஈரக்காற்றில் பல வருஷம் கிடந்த டேப்பில் பூஞ்சை பிடித்திருக்கலாம்; ஒருமுறை ஓடியது மறுமுறை ஓடும் என்று சொல்ல முடியாது. அந்த ஒரே ஓட்டத்தில் கிடைப்பதை முழுசாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் கேட்பதற்குச் சிறிய எம்பி3 எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து செய்துகொள்ளலாம்.

கேபினெட்டைத் திறந்து பாருங்கள். தூசி தட்டி, ஃபேனைத் துடையுங்கள். பல்லி உள்ளே போய்ச் செத்துக் கிடப்பது நம் ஊரில் சாதாரணம், பவர் சப்ளையின் துவாரங்களையும் பாருங்கள். ஆனால் பவர் சப்ளையைப் பிரிக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். போர்டில் உள்ள காசு போன்ற சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அந்த போர்டை விட்டுவிடுங்கள். பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ போட்டு ஒரு ராத்திரி ஓட விடுங்கள். ராமில் கோளாறு இருந்தால், கோப்பு பார்வைக்குச் சரியாக இருக்கும், உள்ளே கெட்டிருக்கும்.

இனி கரண்ட். சில காலமாக லோட் ஷெடிங் வெகுவாகக் குறைந்திருக்கிறது, உண்மைதான். அதை நம்பி சர்வர் வைக்க முடியாது. கேபிள் திருட்டுக்கும் புயல் மழைக்கும் எஸ்காம் மின் நிறுவனம் கால அட்டவணை போடுவதில்லை. கரண்ட் போகும் நொடி ஒரு ஆபத்து, எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். திரும்பி வரும் நொடி அதைவிட ஆபத்து, தெருவில் உள்ள எல்லா கீசரும் ஃபிரிட்ஜும் ஒரே சமயத்தில் இழுக்க, வோல்டேஜ் எகிறி இறங்கும். என் வீட்டில் ஒரு டிஸ்க் அப்படிக் கரண்ட் திரும்பிய நேரத்தில்தான் போயிற்று. அதில் என் அம்மாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் இருந்தன. வேறு பிரதி இல்லை. அதனால்தான் யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

சின்ன 650 விஏ யுபிஎஸ் போதும். அதற்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி இருக்கும். பெருக்கினால் 84 வாட் ஹவர். உங்கள் மெஷினும் ரவுட்டரும் சேர்ந்து 50 வாட் இழுத்தால் காகிதக் கணக்கில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். நடைமுறையில் அதில் பாதி வந்தாலே பெரிது. லோட் ஷெடிங்கோ 2 மணி நேரம். ஆகவே யுபிஎஸ்ஸின் வேலை சர்வரை ஓட்டிக்கொண்டே இருப்பது அல்ல, ஒழுங்காக அணைக்க அவகாசம் கொடுப்பது. யுஎஸ்பி கேபிளோடு வரும் யுபிஎஸ்ஸாகப் பார்த்து வாங்குங்கள். கரண்ட் போய் 10 நிமிடம் ஆனதும் மெஷின் தானே அணையும்படி லினக்ஸில் நட் என்ற மென்பொருளில் சொல்லி வைக்கலாம்.

அணைந்தது மீண்டும் எழ வேண்டுமே. மெஷின் ஆரம்பிக்கும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பதை 'பவர் ஆன்' ஆக்குங்கள். பெயர் போர்டுக்கு போர்டு கொஞ்சம் மாறும். இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சர்வர் அணைந்த பிறகும் யுபிஎஸ்ஸில் சார்ஜ் மிச்சமிருந்து, அதற்குள் கரண்ட் வந்துவிட்டால், மெஷினைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை. அது தூங்கிக்கொண்டே இருக்கும். அதற்காகப் பயாஸிலேயே தினமும் காலை 5 மணிக்கு விழிக்கும்படி அலாரமும் வையுங்கள். இரண்டு வழியில் ஒன்று கட்டாயம் எழுப்பும்.

பில் கணக்கும் இங்கேயே பார்த்துவிடலாம். இந்த வயது டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போது 40 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். 24 மணி நேரம், 30 நாள் என்றால் 28.8 யூனிட். கணக்குக்கு யூனிட் 3 ராண்ட் என்றால் மாதம் சுமார் 86 ராண்ட். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள். இரவு 11 முதல் காலை 5 வரை அணைத்து வைத்தால் கால்வாசி குறையும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கழற்றிவிடுங்கள், சர்வருக்குத் தேவையில்லை. வீட்டில் பழைய லேப்டாப் கிடந்தால் நான் அதைத்தான் முதலில் எடுப்பேன். 10, 15 வாட்டில் ஓடும், பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் அதுவே யுபிஎஸ். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தொடவே வேண்டாம்.

மென்பொருளுக்கு ஓப்பன்மீடியாவால்ட். டெபியன் லினக்ஸின் மேல் கட்டியது, இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேறு கம்ப்யூட்டரின் பிரவுசரிலிருந்தே நிர்வகிக்கலாம். சர்வரை ரவுட்டரோடு வைஃபையில் இணைக்காமல் கேபிளில் இணையுங்கள். ரவுட்டரில் அதற்கு மாறாத ஐபி எண் ஒன்றை ஒதுக்குங்கள். சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாக வீட்டிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டரிலும் அது ஒரு ஃபோல்டராகத் தெரியும். பாட்டுக்கும் வீடியோவுக்கும் ஜெல்லிஃபின் போடுங்கள். அவரவருக்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்ட். முதல் ஆறு மாதம் இவ்வளவு போதும். சர்வர் வைத்ததும் இருபது மென்பொருள் ஏற்றிப் பார்க்கும் ஆசை வரும், அது கிடக்கட்டும்.

வீடியோவில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய போன்கள் பல எச்இவிசி முறையில் பதிகின்றன. உங்கள் மூன்றாம் தலைமுறை சிப்பில் அதைக் கையாளும் வன்பொருள் கிடையாது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவை மகள் போனில் அப்படியே திறந்தால் ஓடும். வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே அனுப்ப வேண்டி வந்தால் மெஷின் திணறும். அவற்றை முன்கூட்டியே எச்.264 ஆக மாற்றிப் பக்கத்தில் ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.

கோப்புப் பெயர்களைத் தமிழிலேயே வையுங்கள், தாராளமாக. நீளம் மட்டும் கவனம். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் இடம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்; புள்ளி, கொம்பு போன்றவையும் தனித்தனிக் குறிகள். 'திருப்புகழ்' என்ற ஒரு சொல்லே 11 குறி, 33 பைட். மொத்தம் 85 குறிகள்தான் கிடைக்கும். விண்டோஸில் இருந்த நீளமான பெயர் இங்கே காப்பி ஆகாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். கோயில், தேதி, பாடியவர் எல்லாவற்றையும் ஃபோல்டர்களாகப் பிரித்தால் பிரச்சினை வராது. மூதாதையர் காகிதங்களுக்கு இன்னொரு யோசனை: 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது முதல் நேட்டாலில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளுக்கு எண் கொடுத்துப் பதிந்தார்கள். பெயரைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே ஆளின் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருக்கும், எண் மாறாது. உங்கள் காகிதத்தில் அந்த எண் இருந்தால் அதையே கோப்புப் பெயரின் முதலில் போடுங்கள், தேடுவது சுலபம்.

தம்பியும் மகளும் வெளியிலிருந்து வர, ரவுட்டரில் கதவு திறக்காதீர்கள். போர்ட் ஃபார்வர்டிங் செய்யச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். சாம்பாவை அப்படித் திறந்து வைப்பது வாசலைத் திறந்துபோட்டு ஊருக்குப் போவது போல. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீய மென்பொருள் உலகெங்கும் பரவியது விண்டோஸின் இதே கோப்புப் பகிர்வு வழியில் இருந்த ஓட்டையில்தான். தவிர, பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபி எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிடுவதால், திறந்தாலும் சில வீடுகளில் வேலை செய்யாது. டெயில்ஸ்கேல் இரண்டுக்கும் தீர்வு. சர்வரிலும் அவர்கள் போன்களிலும் அதை நிறுவினால் உங்களுக்குள் மட்டும் ஒரு பூட்டிய பாதை உண்டாகும். குடும்ப அளவுக்கு இலவசத் திட்டமே போதும்.

கடைசியாக பேக்கப். சர்வரில் இருப்பது ஒரு பிரதிதான். இரண்டு யுஎஸ்பி டிஸ்க் வாங்குங்கள். ஒன்று வீட்டில், வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்ததும் கழற்றி அலமாரியில். மற்றொன்று தம்பி வீட்டில்; அவர் தீபாவளிக்கு வரும்போது புதுப்பித்துக் கொடுத்தனுப்புங்கள். 2022 ஏப்ரலில் டர்பன் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு ஏன் ஒரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. பேக்கப் டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் செருகி, பத்துக் கோப்பையாவது திறந்து பாருங்கள். டிஜிட்டல் ஆக்கிய பிறகும் கேசட்டுகளை எறியாதீர்கள்.

ஒரே ஒரு கேசட்டில் ஆரம்பியுங்கள். ஒரு பக்கத்தைப் பதிந்து, சர்வரில் ஏற்றி, பெர்த்தில் மகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே நம்மைவிட 6 மணி நேரம் முன்னால். நம் பிற்பகல் 2 மணிக்கு அவளுக்கு இரவு 8. ஆயாவின் குரல் அங்கே தடங்கலில்லாமல் கேட்டது என்று அவள் சொன்ன பிறகு மீதி 59-ஐ எடுங்கள்.