சட்டம் – கேள்வி பதில்: வைத்தியசாலைப் பதிவேட்டை நோயாளி கேட்கலாமா?

கேள்வி: சென்ற ஆண்டு அரச வைத்தியசாலை ஒன்றில் என் தாயாருக்குக் கர்ப்பப்பை அகற்றும் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பின் சிறுநீர் இடைவிடாது கசிகிறது. சத்திரசிகிச்சையின்போது சிறுநீர்ப்பையில் காயம் ஏற்பட்டிருக்கலாம் என்று வேறொரு வைத்தியர் கூறுகிறார். வாட்டில் எழுதிய குறிப்புகளின் பிரதியைக் கேட்டபோது, அது வைத்தியசாலையின் சொத்து, கோட்டுக் கட்டளை இல்லாமல் தர முடியாது என்று எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: எழுதப்பட்ட தாள் வைத்தியசாலைக்குரியது என்பது சரி. ஆனால் அதில் உள்ள தகவல் தங்கள் தாயாரைப் பற்றியது. அதைப் பெற நீதிமன்றக் கட்டளை வேண்டும் என்பது சரியன்று. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, ஒருவரது மருத்துவப் பதிவேடுகளை அவர் எழுத்தில் சம்மதித்தாலன்றி வெளியிட மறுக்கலாம் என்று கூறுகிறது. நோயாளியின் அந்தரங்கத்தைப் பிறரிடமிருந்து காப்பதற்காக எழுதப்பட்ட இந்த விதியை அந்த நோயாளிக்கே எதிராகக் காட்டி மறுப்பதை நான் பலமுறை கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகவே விண்ணப்பத்தைத் தாயாரின் பெயரிலும் கையொப்பத்திலும் கொடுங்கள். மகள் என்பதால் மட்டும் அந்த உரிமை தங்களுக்கு வந்துவிடாது. தாங்கள் விண்ணப்பிப்பதாயின் அவரது எழுத்துமூலச் சம்மதத்தை இணைக்க வேண்டும்.

விண்ணப்பத்தை வைத்தியசாலையின் தகவல் அலுவலருக்கு முகவரியிடுங்கள்; அப்படி ஒருவர் நியமிக்கப்படாவிடின் நிறுவனத் தலைவரே அந்த அலுவலராகக் கருதப்படுவார். காரணம் கூறத் தேவையில்லை. வீடு திரும்பும்போது வைத்தியசாலை தரும் டயக்னோசிஸ் காட்டில் (நோய் விவர அட்டையில்) உள்ள அனுமதி இலக்கத்தையும் திகதிகளையும் எழுதி, சம்மதப் படிவம், சத்திரசிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, தாதியரின் அவதானிப்புப் பதிவு ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் டயக்னோசிஸ் காட்டின் பிரதி மட்டுமே கைக்கு வரும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள், மேன்முறையீட்டை விசாரிக்க அந்நிறுவனத்தில் நியமிக்கப்பட்டிருக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அவரும் மறுத்தால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

இதை ஏன் உடனே செய்ய வேண்டும் என்றால், கவனயீனத்துக்கான நட்டஈட்டு வழக்கை நமது சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும்; சென்ற ஆண்டு நடந்த சத்திரசிகிச்சைக்கு அதில் ஒரு பகுதி ஏற்கனவே கழிந்துவிட்டது. அரச வைத்தியசாலை என்பதால் சட்டமா அதிபரை எதிராளியாக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னரே எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461 ஆம் பிரிவு விதிக்கிறது. தகவல் கோரிக்கையின் எல்லாப் படிகளையும் ஏறி இறங்கப் பல மாதங்கள் போய்விடும். அரசியல்வாதிகளுக்கும் அமைச்சுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் காலத்தில் இந்தக் கெடு நிற்பதில்லை.

பதிவேட்டின் பெறுமதிக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிறுமி ஒருத்தியின் மரணம் தொடர்பான வழக்கில் 2001 இல் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், வைத்தியரின் கவனயீனத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அந்தக் கவனயீனமே மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கூறி நட்டஈட்டை மறுத்தது. மாவட்ட நீதிமன்றம் முதலில் விதித்திருந்த தொகை 50 இலட்சம் ரூபா. தங்கள் தாயாரின் விடயத்திலும் கேள்வி இதுவே: காயம் எப்போது, எப்படி ஏற்பட்டது, அது அப்போதே கவனிக்கப்பட்டதா? இதற்குச் சத்திரசிகிச்சைக் குறிப்பும் அதைப் படித்துச் சாட்சி சொல்ல முன்வரும் ஒரு நிபுணரும் வேண்டும். இரண்டாவதைத் தேடுவதே கடினம். வழக்குச் செலவைத் தாங்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். வழக்கு ஒருபுறமிருக்க, இத்தகைய கசிவைச் சத்திரசிகிச்சையால் சீர்செய்யும் வாய்ப்புப் பெரும்பாலும் உண்டு. அதற்காக நீதிமன்றத்தின் முடிவுவரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு முன், "ஏற்படும் எந்த விளைவுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற தாளில் கையொப்பமிட்டேன். இனி வழக்குத் தொடர முடியாதா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: முடியும். சம்மதக் கையொப்பம், விளக்கப்பட்ட சிகிச்சையையும் அதில் இயல்பாகவே உள்ள ஆபத்துகளையும் தாங்கள் ஏற்றதைக் காட்டுமே தவிர, கவனயீனத்தை மன்னித்ததாகாது. கவனயீனத்தால் விளையும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை ஒப்பந்த வாசகத்தால் விலக்கிக்கொள்ள இயலாது என்பது 1997 ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின் ஏற்பாடு. அப்படியொரு வாசகத்தை அச்சிடுவது வழக்குப் போடாமல் ஆட்களைத் தடுப்பதற்காகவே என்பது என் எண்ணம். 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையிடம் நிறுவனத்தைப் பற்றியும், இலங்கை மருத்துவ சபையிடம் வைத்தியரின் நடத்தையைப் பற்றியும் முறையிடலாம். மருத்துவ சபை ஒரு வைத்தியரின் பெயரைப் பதிவிலிருந்து நீக்கவோ இடைநிறுத்தவோ கூடும். நட்டஈடு வாங்கித் தராது.

கேள்வி: அரச வைத்தியசாலை ஒன்றைப் பற்றி அம்பாறை சுகாதாரப் பணிமனைக்கு அனுப்பிய முறைப்பாட்டுக்கு மாதக்கணக்கில் பதில் இல்லை.
– வாசகர், கல்முனை

பதில்: கடிதம் தவறான மேசைக்குப் போயிருக்கலாம். அம்பாறை மாவட்டத்தில் அம்பாறை, கல்முனை என இரு சுகாதாரப் பிராந்தியங்கள் உள்ளன. இரண்டுக்கும் தனித்தனிப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்கள் உள்ளனர். இன்னொரு சிக்கலும் உண்டு. சில வைத்தியசாலைகள் மாகாண சபையின் கீழும், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்றவை மத்திய சுகாதார அமைச்சின் கீழும் இயங்குகின்றன. தாங்கள் குறிப்பிடும் வைத்தியசாலை எதன் கீழ் வருகிறது என்று முதலில் விசாரித்து, மாகாணத்துக்குரியதாயின் பிராந்தியப் பணிப்பாளருக்கும், மத்திக்குரியதாயின் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கும் அமைச்சுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம், வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழி என்பதால் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின்படி தங்களுக்கு உண்டு.