எல்க் வேட்டைக்கு மேக்னம் அவசியமா? தகுதிக்கு மேல் பெயர் வாங்கிய ரைஃபிள்களும் தோட்டாக்களும்

கேள்வி: அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் வசிக்கிறேன். வேட்டைக்காரர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டேன். வரும் பருவத்தில் மானும், அனுமதி கிடைத்தால் எல்க் என்ற பெரிய மானினமும் வேட்டையாட ஆசை. 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா வெறும் விளம்பரத்தால் வளர்ந்தது என்கிறார் அலுவலக நண்பர் ஒருவர். கூடுதல் வேகத் தோட்டாவான .300 வின்செஸ்டர் மேக்னம் இல்லாமல் எல்க் விழாது என்கிறார் இன்னொருவர். துப்பாக்கிக் கடைக்காரரோ .30-06 எல்லாம் தாத்தா காலத்துச் சரக்கு என்கிறார். என்னால் ஒரே ஒரு ரைஃபிள்தான் வாங்க முடியும். எதை நம்புவது?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். .308 வின்செஸ்டர் அல்லது .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டாவுக்கான, ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா ஏற்றும் சாதாரண போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றை வாங்குங்கள். துப்பாக்கியின் உதை உங்களுக்கு ஒத்துவராது என்றால் 7 எம்எம்-08 அல்லது 6.5 கிரீட்மூர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 300 கஜத்துக்கு அப்பால் நிற்கும் எல்க்கைச் சுடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்ள வேண்டும். .300 வின்செஸ்டர் மேக்னத்தை முதல் ரைஃபிளாக வாங்காதீர்கள். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் தோட்டாவின் பெயரைச் சொல்லி வாதாடுகிறார்கள். தோட்டாவின் நுனியிலிருந்து பறந்து விலங்கின் உடலுக்குள் போகப்போகிற குண்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மேக்னத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் புதியவர்களுக்கு அதிகச் சேதம் விளைவிப்பது அதன் புகழ்தான். .300 வின்செஸ்டர் மேக்னம் 1963இல் வந்தது. 180 கிரெய்ன் (ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15 கிரெய்ன்) எடையுள்ள குண்டை வினாடிக்குச் சுமார் 2,960 அடி வேகத்தில் அனுப்பும். 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .30-06 அதே குண்டைச் சுமார் 2,700 அடி வேகத்தில் அனுப்பும். இரண்டையும் 200 கஜத்தில் குறி சரிசெய்து வைத்துக்கொண்டு 300 கஜத்தில் சுட்டால், .30-06 குண்டு எட்டு அங்குலத்துக்குச் சற்று மேல் தாழும்; மேக்னம் குண்டு ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாழும். வித்தியாசம் ஒன்றரை அங்குலம். எல்க்கின் முன்னங்காலுக்குப் பின்னால், நுரையீரலும் இதயமும் இருக்கும் பகுதி ஓர் அடிக்கு மேல் அகலமானது. அங்கே ஒன்றரை அங்குலம் எதையும் தீர்மானிக்காது.

அந்த ஒன்றரை அங்குலத்துக்கு உங்கள் தோள் கொடுக்கும் விலை பெரிது. எட்டு பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் 6.5 கிரீட்மூரின் உதை ஏறத்தாழ 13 அடி-பவுண்டு (ஆற்றலை அளக்கும் அலகு). .30-06இல் அது 20ஐத் தாண்டும். .300 மேக்னத்தில் 30ஐ நெருங்கும். அனுபவசாலிகள் சிலர் அதையும் நன்றாகச் சமாளிக்கிறார்கள். மற்றவர்கள் சமாளிப்பதாக நம்புகிறார்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சுடும் தளத்தில் நம்பகமான நண்பர் ஒருவரை அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்காதபோது அவர் சில முறை உண்மைத் தோட்டாவையும், சில முறை வெடிக்காத பயிற்சித் தோட்டாவையும் ரைஃபிளில் ஏற்றி, குழலை இலக்கின் திசையிலேயே வைத்து உங்களிடம் தரட்டும். எது உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் விசையை அழுத்துங்கள். சுத்தியல் ஊசி ‘டிக்’ என்று வெறுமனே விழும் அந்த நேரத்தில் குழலின் முனையை அவர் கவனிக்கட்டும். நீங்கள் உதைக்கு அஞ்சுகிறவர் என்றால், உதையே இல்லாதபோதும் முனை கீழ்நோக்கிக் குத்தும், தோள் முன்னால் தள்ளும், கண் மூடியிருக்கும். உண்மைத் தோட்டா வெடிக்கும்போது சத்தமும் அதிர்வும் இந்தத் தவற்றை மறைத்துவிடுகின்றன. 100 கஜத்தில் முனை இம்மி அளவு தாழ்ந்தாலும் குண்டு பல அங்குலம் கீழே போகும். வயிற்றில் குண்டு வாங்கிய எல்க் பல மைல் ஓடி, எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். வேட்டைக்காரன் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் இது. மேக்னம் அதைத் தடுப்பதில்லை. உதைக்கு அஞ்சுகிறவர் கையில் அது அதற்குத்தான் வழிவகுக்கும்.

‘ஆனாலும் சக்தி கூடுதல்தானே’ என்பார் உங்கள் நண்பர். அவருக்குப் பின்னாளில் குண்டு தயாரிப்பாளராகப் பெயர் பெற்ற ஜான் நாஸ்லரின் கதையைச் சொல்லுங்கள். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவர் மூஸ் (மான் குடும்பத்தின் மிகப் பெரிய விலங்கு) வேட்டைக்குப் போனார். கையில் இருந்தது .300 எச் அண்டு எச் மேக்னம், அந்தக் காலத்தின் பெரிய தோட்டா. சேறு அப்பிய ஒரு மூஸைச் சுட்டார். குண்டு சரியான இடத்தில் பட்டும் விலங்கு விழவில்லை. அத்தனை வேகத்தில் மோதிய குண்டுகள் உள்ளே ஆழமாகப் போகாமல், மேலேயே சிதைந்துபோயின. சக்திக்கு அங்கே குறைவில்லை. குண்டின் கட்டுமானம்தான் தாங்கவில்லை. ஊர் திரும்பிய நாஸ்லர் குண்டின் நடுவே செம்பாலான தடுப்புச் சுவர் ஒன்றை வைத்தார். முன்பாதி ஈயம் விரிந்து அகலும். பின்பாதி தடுப்புக்குப் பின்னால் உடையாமல் ஊடுருவிச் செல்லும். பார்ட்டிஷன் என்ற பெயரில் 1948 முதல் விற்பனைக்கு வந்த அந்தக் குண்டு இன்றும் கிடைக்கிறது.

ஆகவே தோட்டாப் பெட்டி வாங்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் பெயரோடு, சிறிய எழுத்தில் இருக்கும் குண்டின் வகையையும் படியுங்கள். மெல்லிய செப்பு உறைக்குள் ஈயத்தை அடைத்த எளிய குண்டு, மானுக்குப் போதும், விலையும் குறைவு. எல்க்குக்கு உறையும் ஈயமும் பிரியாமல் இணைக்கப்பட்ட குண்டு, பார்ட்டிஷன் போன்ற தடுப்புள்ள குண்டு, அல்லது முழுவதும் செம்பாலான குண்டு வேண்டும். .308இல் 165 அல்லது 180 கிரெய்ன் எடையில் இவை எல்லாம் கிடைக்கும். நல்ல குண்டு போட்ட .308, மட்டமான குண்டு போட்ட .300 மேக்னத்தைவிட எல்க்கிடம் நம்பகமானது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி 6.5 கிரீட்மூர். இதை வெறும் விளம்பரம் என்பது அநியாயம். ஹார்னடி நிறுவனம் 2007இல் இலக்குச் சுடும் போட்டியாளர்களை மனத்தில் வைத்து இதை உருவாக்கியது. மெலிந்து நீண்ட குண்டு, அதைச் சுழற்றி நிலைப்படுத்த ஏற்றபடி நெருக்கமாகத் திருகப்பட்ட குழல், குறைந்த உதை ஆகிய மூன்றும் முதலிலிருந்தே ஒன்றுக்கொன்று பொருந்தும்படி திட்டமிடப்பட்டன. அதனால்தான் கடையில் வாங்கிய சாதாரண ரைஃபிளிலேயே நன்றாகக் குறி பிடிக்கிறது. 6.5 மில்லிமீட்டர் குண்டு பெரிய விலங்கைக் கொல்லுமா என்பவர்களுக்கு ஸ்காண்டிநேவியா பதில் சொல்லும். 1890களில் ராணுவத்துக்காகப் பிறந்த 6.5×55 தோட்டாவால் ஸ்வீடனிலும் நார்வேயிலும் தலைமுறை தலைமுறையாக மூஸ் வேட்டையாடி வருகிறார்கள். மூஸ், எல்க்கைவிடப் பெரியது. ஆனால் அங்கே பெரும்பாலும் நாய்களின் துணையோடு, காட்டுக்குள், கிட்டத்திலிருந்து சுடுகிறார்கள்.

அளவுக்கு மீறிய புகழ் வருவது தூரத்தில்தான். இந்தத் தோட்டா கையில் இருந்தால் 600 கஜத்தில் நிற்கும் எல்க்கும் நமதே என்ற பேச்சை நம்பாதீர்கள். 500 கஜத்தைக் கடக்கக் குண்டுக்கு அரை வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் மேய்ந்துகொண்டிருக்கும் விலங்கு ஓர் அடி எடுத்து வைத்துவிடலாம். மணிக்கு 10 மைல் வேகப் பக்கக் காற்று, 300 கஜத்தில் இந்தக் குண்டை ஐந்தாறு அங்குலம் தள்ளும்; 500 கஜத்தில் ஓர் அடிக்கும் மேல். மலைச்சரிவில் நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு காற்று, நடுப் பள்ளத்தில் வேறொரு காற்று. ஈயம் கொண்ட வேட்டைக் குண்டுகள் பல, சரியாக விரிய வினாடிக்குச் சுமார் 1,800 அடி வேகமாவது வேண்டும். செம்புக் குண்டுகளுக்குப் பொதுவாக அதைவிடக் கூடுதல். 600 கஜத்தில் கிரீட்மூர் அந்த எல்லைக்கே வந்துவிடுகிறது. எஃகுத் தகட்டை அந்தத் தூரத்தில் அடிக்க அது அருமையான தோட்டா. தகடு காயப்பட்டு ஓடாது.

பழைய பெயர்களுக்கும் இந்த மிகை உண்டு. 1925இல் வந்த .270 வின்செஸ்டரை ஜாக் ஓ'கானர் தன் பத்திரிகைக் கட்டுரைகளில் பல ஆண்டுகள் கொண்டாடினார். பெரிய விட்டம், கனத்த குண்டு என்ற கட்சியில் எல்மர் கீத் நின்றார். இருவருமே ஏராளமான எல்க்குகளை வீழ்த்தியவர்கள். தெரிந்த தூரத்தில் தெரிந்த துப்பாக்கியால் சுட்டவர்கள். தமிழ்நாட்டுக் காடுகளை அறிந்த வாசகர்களுக்குக் கென்னத் ஆண்டர்சன் பெயர் பழக்கம். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 300 கிரெய்ன் மொட்டைக் குண்டை வினாடிக்கு 2,200 அடியில் அனுப்பும். ஜிம் கார்பெட் ருத்ரபிரயாகைச் சிறுத்தையை 1926இல் வீழ்த்தியது அதற்கு நேர்மாறான, மெலிந்த குண்டு கொண்ட .275 ரிக்பியால். இரண்டும் கிட்டத்தில் வேலை செய்தன. அந்தக் காலம் இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துவிட்டது.

.45-70 பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள்: கனத்த குண்டு புதரைக் கிழித்துக்கொண்டு போகும் என்று. போகாது. கிளையில் பட்டால் எல்லாக் குண்டும் திசை மாறும். 1873இல் பிறந்த அந்தத் தோட்டா அடர்ந்த காட்டில் கிட்டத்திலிருந்து சுட நல்லது. கொலராடோவின் திறந்த சரிவுகளுக்கு ஏற்றதல்ல.

என்னை உண்மையில் வருத்துவது .243 வின்செஸ்டருக்கு உள்ள ‘தொடக்கக்காரர் தோட்டா’ என்ற பெயர். உதை குறைவு என்று சிறுவர்களுக்கும் முதல்முறை வருகிறவர்களுக்கும் அதைக் கொடுத்து, எல்க்கைக் காட்டி அனுப்புகிறார்கள். மானுக்கு மிக நல்லது. எல்க்கைப் பொறுத்தவரை சிறிய பிழையையும் மன்னிக்காத தோட்டா அது. கைதேர்ந்தவர்தான் அதை எடுத்துப் போக வேண்டும்.

2018இல் வந்த 6.5 பிஆர்சி, 2022இல் வந்த 7 எம்எம் பிஆர்சி ஆகியவை நல்ல வடிவமைப்புகள். ஆனால் மலையடிவாரச் சிற்றூரில், வேட்டை தொடங்கும் முந்தின நாள் மாலையில், உங்கள் தோட்டாப் பெட்டி டென்வர் வீட்டிலேயே கிடக்கிறது என்று தெரியவரும்போது, அங்குள்ள கடை அலமாரியில் .308உம் .30-06உம் இருக்கும் வாய்ப்பே அதிகம். கடைக்காரரின் ‘தாத்தா காலத்துச் சரக்கு’ என்ற பேச்சை இதோடு விட்டுவிடுங்கள். இரண்டில் எது என்றால், 1952இல் வந்த .308 சிறிய தோட்டாக் கூட்டிலிருந்து ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது, கொஞ்சம் குறைவாக உதைக்கிறது. என் வாக்கு அதற்கு.

ரைஃபிள்களுக்கு வருவோம். 1964க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70க்கு இருக்கும் மரியாதை நியாயமானது. அந்த ஆண்டு நிறுவனம் செலவைக் குறைக்க, தோட்டாவைப் பிடித்து இழுக்கும் அகன்ற நகம் கொண்ட பழைய அமைப்பைக் கைவிட்டது. ஆனால் இன்று அதற்குக் கேட்கும் விலை சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை. மானுக்கும் எல்க்குக்கும் அந்த நகம் இல்லாமலே காரியம் நடக்கும். பழைய ரெமிங்டன் 700 கிடைத்தால், அதன் விசை அமைப்பை முதலில் விசாரியுங்கள். எக்ஸ்-மார்க் புரோ என்ற விசைகளை நிறுவனமே 2014இல் திரும்பப் பெற்றது. வரிசை எண்ணை வைத்துச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள். கனத்த குழலும், உடலுக்கு ஏற்பச் சரிசெய்யக்கூடிய பின்கட்டையும் கொண்ட ‘தொலைதூர’ ரைஃபிள்கள் மேசையில் வைத்துச் சுடும்போது அழகாக இருக்கும். 10,000 அடி உயரத்தில் மூச்சிரைக்க நாள் முழுக்கச் சுமக்கும்போது ஒவ்வொரு பவுண்டும் தோளில் தெரியும்.

ரூகர் அமெரிக்கன், சாவேஜ், டிக்கா போன்ற எளிய ரைஃபிள்கள் இன்று 100 கஜத்தில் ஓர் அங்குலத்தை ஒட்டிக் குண்டுகளைக் குவிக்கின்றன. மிச்சமாகும் பணத்தை நல்ல ஸ்கோப்புக்கும் பயிற்சித் தோட்டாவுக்கும் ஒதுக்குங்கள். சுடும் தளத்தில் மேசையை விட்டு எழுந்து, உட்கார்ந்தும் மண்டியிட்டும் முதுகுப்பையில் சாய்த்தும் சுட்டுப் பழகுங்கள். எந்த நிலையிலிருந்து எத்தனை கஜம் வரை, தொடர்ந்து ஐந்து குண்டுகளையும் சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள் போட முடிகிறதோ, அதுவே உங்கள் எல்லை.

கொலராடோ விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய விலங்குகளுக்குக் குறைந்தது .24 அங்குலக் குண்டு விட்டம் வேண்டும்; குண்டு விரியும் வகையாக இருக்க வேண்டும். மானுக்குக் குறைந்தது 70 கிரெய்ன், எல்க்குக்கு 85 கிரெய்ன், 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு சக்தி. நான் சொன்ன தோட்டாக்கள் இதற்கு உட்பட்டவையே. ரைஃபிள் பருவத்தில் உடலின் மேற்பகுதியில் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்புத் துணியும், அதே நிறத்தில் தலைக்கு ஒன்றும் அணிய வேண்டும்.

உங்கள் விசா நிலையை நீங்கள் எழுதவில்லை. பச்சை அட்டை (கிரீன் கார்டு) இருந்தால் அதன் காரணமாகத் தடை இல்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நீங்கள் அந்த விசாவில் இருந்தால் முதலில் உரிமத்தை எடுத்துவிட்டு, அதன் பிறகே கடைக்குப் போங்கள். ரைஃபிள் வீட்டில் இருக்கும் காலம் முழுவதும் உரிமம் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் ரைஃபிளுக்கு முன்பணம் கட்டுமுன் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.