காரைக்குடி வீட்டில் டாரன்டுலாவுக்குப் பாதுகாப்பான தொட்டி அமைப்பது எப்படி?

நீங்கள் கேட்டது இது: காரைக்குடியில் இருக்கிறீர்கள், மகன் டாரன்டுலா என்ற முடி அடர்ந்த பெரிய சிலந்தியை வளர்க்க ஆசைப்படுகிறான், வீட்டில் இரண்டடி உயர மீன்தொட்டி சும்மா கிடக்கிறது, மேலே கம்பிவலை போட்டு அதிலேயே விடலாமா?

வேண்டாம். அந்த உயரமும் வலையும்தான் ஆபத்தே. நான் ஆறு வருடமாக, தரையில் வாழும் கர்லி ஹேர் என்ற டாரன்டுலா இனத்தில் ஒரு பெண் சிலந்தியை வளர்க்கிறேன். கடையில் கொடுத்த முதல் தொட்டிக்கு வலை மூடிதான் இருந்தது. ஒருநாள் இரவு விளக்கைப் போட்டால், ஒற்றைக் கால் வலையில் மாட்டி, உடம்பு மொத்தமும் அந்தக் காலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கால் நுனியில் பூனை நகம் மாதிரி சின்னக் கொக்கிகள் உண்டு. வலைக் கண்ணிக்குள் போனால் திரும்பி வராது. நான் அடியில் ஓர் அட்டையை ஏந்திப் பிடிக்க, அண்ணன் கட்டிங் பிளையரால் வலையைச் சுற்றி வெட்டினார். கால் தப்பியது. அட்டை பிடிக்காமல் அது விழுந்திருந்தால் பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன். தரையில் வாழும் டாரன்டுலாவின் வயிற்றுப்பகுதி பழுத்த திராட்சை மாதிரி. ஓரடி உயரத்திலிருந்து விழுந்தாலே வெடித்துவிடலாம்.

அதனால் மூடிக்கு அக்ரிலிக் தகடு போடுங்கள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவர்களிடம் அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். சின்ன டிரில்லால் நிறையத் துளைகள், மூடியில் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் இருந்தால் காற்று நன்றாக ஓடும். தாழ்ப்பாள் கட்டாயம். லேசான மூடியைச் சிலந்தியே தள்ளிவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு சின்னப் பூட்டும் வேண்டும்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. கால்களை விரித்த அளவைப்போல மூன்று மடங்கு நீளம், இரண்டு மடங்கு அகலம். மண்ணுக்கும் மூடிக்கும் நடுவில் ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி கூடாது. வளர்ந்த கர்லி ஹேர் ஐந்து அங்குலம் விரியும். அப்படியானால் 15 அங்குல நீளம், 10 அங்குல அகலம், ஓரடி உயரத் தொட்டியில் பாதிவரை மண் நிரப்பினால் சரியாக வரும். மரத்தில் வாழும் இனங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முதல் முறை வளர்ப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மண்ணுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. நர்சரியில் கட்டியாக விற்கும் தென்னை நார்த்தூளே போதும். உரம் கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசி உப்பை எடுத்துவிட்டுப் பிழியுங்கள். கைப்பிடியில் இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் அழுத்தி நிரப்புங்கள். ஒளிந்துகொள்ள அரைக் கொட்டாங்கச்சி, வாசல் மாதிரி ஒரு பக்கம் உடைத்து, ஓரத்தைத் தேய்த்து, பாதி புதைத்து வையுங்கள். தெரிந்தவர் ஒருவர் அழகுக்காக உடைந்த ஆத்தங்குடிக் கல்லை உள்ளே சாய்த்து வைத்திருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிலந்தி அடியில் தோண்டினால் கல் அதன் மேலேயே சரியும். எடுத்துவிடச் சொன்னேன். தண்ணீருக்கு ஒரு தட்டையான கிண்ணம், அவ்வளவுதான்.

நம்ம ஊருக்கென்று இருக்கிற பிரச்சினைகள் வேறு. முதலாவது எறும்பு. தோலுரிக்கும்போது டாரன்டுலா மல்லாந்து படுத்து, மணிக்கணக்கில் அசைய முடியாமல் கிடக்கும். அந்த நேரத்தில் எறும்புச் சாரை வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு வழி சொன்னது என் அப்பத்தா. பலகார அலமாரியின் கால்களை அவர் தண்ணீர்க் கிண்ணங்களில்தான் நிறுத்தியிருப்பார். சீப்புச்சீடையும் மனகோலமும் மாதக்கணக்கில் எறும்பு அண்டாமல் இருக்கும். என் தொட்டி நிற்கும் ஸ்டாண்டும் இப்போது அப்படித்தான் நிற்கிறது. சுவரில் படாமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். கொசு முட்டையிடாமல் இருக்க வாரம் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள்.

இரண்டாவது, மருந்து. கொசுவத்தி, பிளக்கில் சொருகும் கொசு லிக்விட், கரப்பான் ஸ்பிரே, எறும்புச் சாக்பீஸ் எல்லாமே பூச்சியின் நரம்பைத் தாக்கும் வேதிப்பொருள்கள். சிலந்திக்கும் அதே கதிதான். அந்த அறையில் கொசுவலைதான் கட்ட வேண்டும். பழைய வீடுகளில் தேக்குக் கதவுக்கும் உத்திரத்துக்கும் கரையான் மருந்து அடிப்போமே, அன்றைக்குத் தொட்டியோடு வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், வாடை முழுக்கப் போன பிறகே திரும்ப எடுத்துவாருங்கள். வீட்டில் பிடித்த கரப்பானையும் தீனியாகப் போடாதீர்கள். அது எங்கே மருந்தைத் தின்றுவிட்டு வந்தது என்று தெரியாது.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் ஹீட்டர் வைக்கச் சொல்வார்கள். இங்கே அது தேவையே இல்லை. 24 முதல் 28 டிகிரி அதற்குச் சுகம். சித்திரை, வைகாசியில் மாடியறை தாங்காது. தடித்த சுண்ணாம்புச் சுவர் உள்ள கீழ்க்கட்டு அறைதான் நல்லது. முற்றத்து வெயில் நேராகக் கண்ணாடியில் படக் கூடாது. மண்ணின் ஒரு மூலையில் மட்டும் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள், ஐப்பசி மழையில் அதுவும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

தோலுரிப்பைப் பார்த்து எங்கள் வீட்டில் முதல் முறை செத்துப்போனதாகவே நினைத்து அம்மா கலங்கிவிட்டார். மல்லாந்து கிடந்தால் தொடாதீர்கள். உள்ளே உயிருள்ள தீனி இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள், வெட்டுக்கிளியே அதைக் கடித்துவிடும். உரித்து முடித்ததும் விஷப்பல் வெள்ளையாக இருக்கும். அது கறுத்து இறுகும்வரை, ஏறக்குறைய பத்து நாள், தீனி வேண்டாம்.

மகன் கையில் எடுத்து விளையாட நினைத்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், இது பார்த்து ரசிக்கும் உயிர். கர்லி ஹேர் பயந்தால் பின்னங்காலால் வயிற்று முடியைத் தேய்த்துப் பறக்கவிடும். கண்ணில் பட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். சுத்தம் செய்ய நீண்ட சாமணம், இடம் மாற்ற ஒரு டப்பாவும் அட்டையும்.

தோப்பில், புளியமரப் பொந்தில் பெரிய சிலந்தியைப் பார்த்தால் பிடித்து வராதீர்கள். பக்கத்து ராமேஸ்வரம் தீவில் வாழும் பொசிலோதீரியா ஹனுமாவிலாசுமிகா என்ற டாரன்டுலா இனம் அழிவின் விளிம்பில் இருக்கிறது. பொசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019 முதல், அருகிவரும் உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளது. அந்தப் பேரினச் சிலந்திகளின் கடி பலநாள் தசைப்பிடிப்பில் தள்ளலாம். கர்லி ஹேரும் சைட்டிஸ் பட்டியலில் இருப்பதுதான். விற்பவரிடம் உரிய காகிதம் கேளுங்கள், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். காகிதம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

தொட்டி தயாரானதும் சிலந்தியை உடனே கொண்டுவராமல், ஒரு தெர்மாமீட்டரை உள்ளே போட்டுப் பத்து நாள் காலியாகவே வைத்திருங்கள். மதியம் மூன்று மணிக்கு அளவைப் பாருங்கள். 30-ஐத் தாண்டினாலோ, ஓர் எறும்பு ஸ்டாண்டில் ஏறினாலோ, அறையை மாற்றிவிட்டு மறுபடி பத்து நாள் எண்ணுங்கள்.