பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வாங்குன புது பார்ட்ஸ் ஏன் சரியா உக்கார மாட்டேங்குது?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு சரி பண்றேன், வரவழைச்ச சாமான் ஒண்ணும் பொருந்தல, அராவி உள்ள தள்ளிரலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு தள்ளாதீங்க. மொதல்ல கழட்டுன பழைய சாமான பக்கத்துல வச்சு அளந்து பாருங்க.

தக்கலை பக்கம் மாமா வீட்டு ஷெட்டுல தேங்காய்க்கும் ஓலைக்கும் நடுவுல கெடந்த 1968 ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், மார்க் 3, 1296 சிசி, அத நானும் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியும் சேந்து ரெண்டு வருசமா எழுப்புனோம், அதுல பட்டதத்தான் சொல்றேன்.

மொத பிரச்சனை நட்டு போல்டு. இந்த வண்டி முழுக்க இஞ்சு கணக்கு, இங்க கடையில கெடைக்கிறது மில்லிமீட்டர். 5/16 இஞ்சு போல்டும் 8 மில்லி போல்டும் கண்ணுக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும், ஆனா மரை வேற, ரெண்டு சுத்து போகும் அப்புறம் இறுகும், அப்ப ஸ்பானர போட்டு அமுக்குனா உள்ள இருக்க மரை போச்சு. கையால கடைசி வரைக்கும் போகலைன்னா அது அந்த இடத்து போல்டு இல்ல, அவ்வளவுதான்.

அடுத்தது ட்ரன்னியன், இத நல்லா கேட்டுக்கிடுங்க, உயிர் சம்பந்தப்பட்டது. முன் வீலுக்கு உள்பக்கமா, கீழ இருக்க வெண்கலக் கட்டி அது. வீல தாங்குற இரும்புத் தண்டோட கீழ்முனை மரையா அதுக்குள்ள இறங்கும், ஸ்டியரிங் ஒடிக்கிறப்ப எல்லாம் அந்த மரையிலதான் வீல் திரும்புது. இதுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விடணும், கிரீஸ் கூடவே கூடாது. எங்க வண்டியில முன்னாடி ஏதோ ஒரு பட்டறையில கிரீஸ் அடிச்சு விட்டிருக்காங்க, அது மேலயே கெட்டியாகி கீழ இறங்கல, உள்ள தண்ணி நின்னுருக்கு. கழட்டுனப்ப தண்டோட மரை இடுக்கெல்லாம் செவப்பா துரு, நகத்த வச்சா செதில் செதிலா உதிருது. அண்ணாச்சி அத வெளிச்சத்துல புடிச்சு பாத்துட்டு "மக்கா, இதோட ரோட்டுல எறங்கியிருந்தா வளைவுல தண்டு ஒடிஞ்சு வீல் மடங்கியிருக்கும்"னாரு. எனக்கு கை நடுங்கிருச்சு.

புதுசு போடும்போது வலதுக்கும் இடதுக்கும் மரை எதிரெதிரா ஓடும், மாத்தி திருகிராதீங்க. அடி வரைக்கும் திருகிட்டு கொஞ்சம் பின்னால திருப்பி விடணும், இல்லைன்னா ஸ்டியரிங் முழுசா ஒடிக்கிறப்ப மரை முட்டி தண்டுக்கே கேடு. இன்னொண்ணு, 1961லேந்து மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரும் இதே குடும்பம்தான், முன்பக்க சாமான் பலது ஒத்து வரும், பழைய ஹெரால்டு வச்சிருக்கவங்கள விசாரிச்சு பாருங்க.

சஸ்பென்ஷன் அசையிற எடத்துல போல்ட சுத்தி இருக்க ரப்பர் புஷ்ல நான் ஒரு தப்பு பண்ணேன். வண்டி ஜாக்கியில தொங்கும்போதே போல்ட முழுசா முறுக்கிட்டேன். கீழ எறக்குனதும் ரப்பர் முறுக்குலயே நின்னுச்சு, மூணு மாசத்துல கிழிஞ்சிருச்சு. லேசா போட்டு வச்சுட்டு, நாலு வீலும் தரையில நிக்கும்போது தான் கடைசி முறுக்கு.

நம்ம ஊரு கடக்காத்துக்கு தகடு உள்ளேருந்து அரிக்கும், முட்டம் குளச்சல்னு கடலோரமா நின்ன வண்டின்னா கேக்கவே வேண்டாம். ஸ்பிட்ஃபயர்ல கதவுக்கு கீழ நீளமா ஓடுற தகடு, 'சில்'னு (sill) சொல்லுவாங்க, அது அழகுக்கு வச்சதில்ல, பாடிக்கு பலமே அதுலதான். வெட்டுறதுக்கு முன்னால கதவு இடத்துல குறுக்க ஒரு பைப்ப வெல்டு வச்சு நிறுத்துங்க, ஒரு பக்கம் முடிச்சுட்டுதான் மறுபக்கம். புதுத் தகட பொட்டு வெல்டு மட்டும் வச்சு கதவ சாத்தி இடைவெளி பாருங்க, நாங்க ஏழெட்டு தடவ தட்டிக் கழட்டி மறுபடியும் வச்சோம். பானெட் கடைசியா போதும், கதவு சரியா நின்னாதான் அது எங்க உக்காரும்னே தெரியும்.

பிரேக் ரப்பருக்கு என்ஜின் ஆயில் தடவிராதீங்க, ஊதிப் போகும், பிரேக் ஆயில்தான் தடவணும்.

கழட்டுன எதையும் ஆக்கருக்கு, அதான் பழைய இரும்புக்கு, போடாதீங்க, துணியில சுத்தி பேரு எழுதி சாக்குல கட்டி வையுங்க. எங்க வண்டி ஓட ஆரம்பிச்சு ரெண்டு மழைக்காலம் ஆச்சு, துருப்புடிச்ச அந்தத் தண்டும் ட்ரன்னியனும் இன்னும் அரிசிச் சாக்குல என் ஷெட்டுலதான் கெடக்கு.