உப்புவெளிக் கடைக்காரருக்குப் பிஸ்டல் தேவையா?
இரவில் கடைக்காசோடு வீடு திரும்பப் பயம், பிஸ்டல் எடுக்கலாமா எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

இலங்கையில அது லேசில் கிடைக்காது. 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேணும், அதையும் வருடாவருடம் புதுப்பிக்க வேணும். மூதூர்ப் பக்கம் வயல்காரர் பன்றிக்கு வச்சிருக்கிற துவக்கு கச்சேரி (மாவட்டச் செயலகம்) வழியா வாறது. தற்பாதுகாப்புக்கு எண்டால் பாதுகாப்பு அமைச்சு. அங்க வெறும் பயத்தைச் சொல்லி அலுவல் பார்க்கேலாது.

கிடைச்சாலும் என்ன? ஸ்கூட்டியை மறிக்கிறவன், நீங்கள் சீற்றைத் திறந்து எடுக்குமட்டும் பார்த்துக்கொண்டு நிற்பானா? வீட்டில பிள்ளையள் எண்டால் பூட்டி வைக்கோணும். பூட்டினால் அவசரத்துக்கு உதவாது. இந்த முடிச்சு எனக்கு அவிழவேயில்லை.

நானெண்டால் வெளிச்சம் இருக்கேக்கயே காசை வங்கியில போட்டிடுவன். மிச்சத்துக்குப் பொலிஸின்ர அவசர இலக்கம் 119.