சில்வர் ஓக் கைப்பிடி கருகுது, வளையுதுன்னு கேட்டவருக்கு

வணக்கம் ப்ரோ, ஏற்காடு எஸ்டேட்ல நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்க வாங்கிட்டு வந்து சேலத்துல நீங்களே கட்டின சிஎன்சில (கம்ப்யூட்டர் சொல்றபடி வெட்டுற மெஷின்) கத்திக்கு கைப்பிடி வெட்டுறப்ப ஓரமெல்லாம் கருகுது, நாலு நாள்ல பலகையும் வளைஞ்சிடுதுன்னு எழுதியிருந்தீங்க. ரெண்டும் வேற வேற பிரச்சனைங்க.

கருகுறதுக்கு பிட்ட, அதாவது மெஷின்ல சுத்தி வெட்டுற முனைய, குறை சொல்லாதீங்க. 3 மில்லிமீட்டர் ரெண்டு பல் பிட்டு, 18000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து), ஃபீடு (பிட்டு மரத்துல நகர்ற வேகம்) நிமிஷத்துக்கு 400 மில்லிமீட்டர்னு போட்டிருக்கீங்க, ரெண்டு பல்லுக்கும் சேர்த்து நிமிஷத்துக்கு 36000 கடி, 400ஐ 36000ஆல வகுத்தா ஒரு பல் கடிக்கிறது 0.011 மில்லிதான், அது வெட்டலைங்க, தேய்க்குது, தேய்ச்சா சூடாகாம என்ன ஆகும். ஆர்பிஎம்ம 10000க்கு இறக்கி ஃபீட 800 ஆக்குங்க, பல்லுக்கு 0.04 வரும், ஆழம் ஒரு தடவைக்கு 1 மில்லி போதும். கீழ விழறத விரல்ல எடுத்து பாருங்க, மைதா மாதிரி இருந்தா இன்னும் தேய்க்குதுன்னு அர்த்தம், சின்ன சின்ன சீவலா வரணும்.

வளையறது ஈரத்தால. மலைமேல குளிர்ல கிடந்த மரம் சேலம் வெயிலுக்கு வந்தா ஈரத்த விட்டு சுருங்கத்தான் செய்யும். கொஞ்சம் தடிமனா அறுத்து, நடுநடுவுல குச்சி வச்சு நிழல்ல அடுக்குங்க, வாராவாரம் எடை போட்டு, எடை இறங்கறது நின்னப்புறம் கைப்பிடி வெட்டுங்க, அவசரமே படாதீங்க.

மாஸ்க் கட்டாயம் போடுங்க, இந்த மரத்தூள் சிலருக்கு தோல்ல அரிப்பு குடுக்கும், முழுக்கை சட்டை நல்லது, ஆனா ஸ்பிண்டில் (பிட்ட சுத்துற மோட்டார்) ஓடறப்ப கையுறை மட்டும் வேணவே வேணாம்.