அப்பாவின் முழங்காலை அளந்தீர்களா?

கேள்வி: சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம், டெக்சாஸில் வேலை பார்க்கிறேன். விமானி உரிமம் பெற்று, வாடகைக்கு எடுத்த செஸ்னா 172 இல் 140 மணி நேரம் பறந்திருக்கிறேன். இப்போது பழைய வால் சக்கர விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்க ஆசை. கையில் 40,000 டாலர் இருக்கிறது. என் உயரம் 6 அடி 4 அங்குலம், எடை 102 கிலோ. செஸ்னா 140 இல் உட்கார்ந்து பார்த்தேன், முழங்கால் இடித்தது. பைப்பர் கப், ஏரோன்கா சாம்ப், சிட்டாப்ரியா ஆகியவற்றில் என் கால் எதில் அடங்கும்? சம்பா அறுவடை முடிந்ததும் மாசியில் அப்பா வருகிறார். முதலில் அவரைத்தான் ஏற்றிச் செல்வேன். அவரும் கிட்டத்தட்ட என் உயரம், மூட்டுவலி உண்டு, எப்படியும் சமாளித்துக்கொள்வார். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: தம்பி, உங்கள் முழுக் கடிதம் மூன்று பக்கம். அதில் உங்கள் காலுக்கு இரண்டு பக்கம். அப்பாவின் காலுக்கு ஒரே வரி, அதுவும் "சமாளித்துக்கொள்வார்" என்று முடிந்துவிடுகிறது.

இந்தச் சொல்லைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. கழிப்பறையை மாடியில் வைத்து வீடு கட்டிய ஒருவர், அம்மா சமாளித்துக்கொள்வார் என்று எழுதினார். படி உயரமான ஜீப்பை வாங்கியவரும் அப்படியே எழுதினார். மேட்டூர் ஜூன் 12 அன்று திறக்குமா என்று பார்த்துப் பார்த்து, கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத ஆண்டுகளையும் தாண்டி வந்த தலைமுறை அது. வேறு வழியில்லாமல் அவர்கள் பொறுத்துக்கொண்டதை அவர்களுடைய குணம் என்று பிள்ளைகள் எழுதிவைத்துக்கொள்கிறீர்கள். நீங்கள் செய்திருப்பதும் அதுதான். எனக்குக் கோபம் வருகிறது.

விமானத்தில் இது வெறும் மரியாதைப் பிரச்சினையாக நிற்காது. வால் சக்கர விமானத்துக்கு இரண்டு பெரிய சக்கரம் முன்னால், சிறிய சக்கரம் ஒன்று வாலில். அதன் எடை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. டிராக்டரை டிரெய்லரோடு பின்னால் எடுத்துப் பாருங்கள், அல்லது உங்கள் அப்பாவைக் கேளுங்கள்: டிரெய்லர் ஒரு சாண் விலகினால் அடுத்த நொடி ஒரு முழம் விலகும். தரையில் ஓடும் இந்த விமானத்தின் வாலும் அப்படித்தான். குறுக்குக் காற்றில் இறங்கும்போது கட்டுப்பாட்டுத் தண்டைக் காற்று வரும் பக்கம் கடைசிவரை தள்ள வேண்டும், வாலை அமுக்கப் பின்னாலும் இழுக்க வேண்டும், இரண்டு காலும் சுக்கானில் இடைவிடாமல் வேலை செய்ய வேண்டும். நீங்கள் கேட்ட சாம்ப், கப், சிட்டாப்ரியா மூன்றும் முன்னும் பின்னுமாக இருவர் அமர்பவை. இரண்டு இருக்கையிலும் காலுக்கு நடுவே தண்டு உண்டு. இரண்டும் சேர்ந்தே அசையும். அப்பா வலியோடு மடக்கி வைத்திருக்கும் முழங்கால் தண்டைத் தடுத்தால் உங்கள் கையிலுள்ள தண்டும் நின்றுவிடும்.

நான் புஷ்பக்கில் பயிற்சி கொடுத்தவன். ஏரோன்கா சீஃபைத் தழுவி இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்து, 1958 இல் முதலில் பறந்த வால் சக்கர விமானம் அது. நெடுநெடுவென்று வளர்ந்த மாணவன் ஒருவன், கால் இடிக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டுச் சமாளித்தான். ஒரு நாள் காற்று பக்கவாட்டில் அடித்தபோது கட்டுப்பாடு அவன் முழங்காலில் தட்டி நின்றது. விமானம் ஓடுபாதையில் தட்டாமாலை சுற்றி, இறக்கை நுனி தரையில் உரசியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய் திறந்து கேட்காமல் விட்டது என் தவறு. அதனால்தான் இப்போது உங்களிடம் இவ்வளவு கேட்கிறேன்.

அப்பாவின் எடையையும் நீங்கள் எழுதவில்லை. 80 கிலோ என்று வைக்கிறேன். இருவரும் சேர்ந்து 182. கப், சாம்ப் இரண்டின் மொத்த எடை வரம்பு சுமார் 553 கிலோ. விமானத்தின் வெற்று எடை மட்டும் 340 என்றால் எரிபொருளுக்கு மிஞ்சுவது 31 கிலோ. சாம்பின் தொட்டியைக்கூட நிரப்ப முடியாது. 65 குதிரைத்திறன் எஞ்சினோடு டெக்சாஸ் வெயிலில் இந்தச் சுமையைத் தூக்கவே கூடாது. செஸ்னா 140 இல் இரண்டு பேர் தோளும் இடிக்கும். உங்கள் முழங்கால் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. அதை மறந்துவிடுங்கள்.

சிட்டாப்ரியாவின் முன்னிருக்கை உங்களுக்குப் பொருந்தும், சுமையும் தாங்கும். தனியாகப் பறப்பதென்றால் மரச்சட்ட இறக்கையில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் என்பேன். ஆனால் அப்பா காலை மடக்கித் திருப்பிப் பின்னிருக்கைக்குள் நுழைந்து, பயணம் முழுக்க உங்கள் பிடரியைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். இதற்காகவா கடல் தாண்டி வருகிறார்?

ஸ்டின்சன் 108 ஐப் பாருங்கள். போருக்குப் பின் 1946 முதல் சில ஆண்டுகள் செய்தார்கள். நான்கு இருக்கை, முன்னால் இருவர் பக்கத்தில் பக்கத்தில் கால் நீட்டி உட்காரலாம். 108-3 வகையின் எடை வரம்பு 1,089 கிலோ. நீங்கள் இருவரும் ஏறித் தொட்டியை நிரப்பினாலும் சுமை வரம்புக்குள் நிற்கும். அதிலுள்ள பிராங்க்ளின் எஞ்சினுக்கு உதிரிபாகம் கிடைப்பது கடினம், அதனால்தான் விலை இறங்கி நிற்கிறது. அந்த எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். 108-3 இன் வால் பெரியது. குறுக்குக் காற்று அதைப் பிடித்துத் திருப்பப் பார்க்கும். அமெரிக்க விதிப்படி வால் சக்கர விமானம் ஓட்டப் பயிற்சியாளரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். கையெழுத்து கிடைத்த மறுநாளே அப்பாவை ஏற்றாதீர்கள். காற்றடிக்கும் நாட்களில் 50 முறையாவது தனியாக இறங்கிய பிறகு ஏற்றுங்கள். மாசிக்குள் முடியாவிட்டால் அடுத்த முறை வரட்டும்.

இன்று இரவே ஊருக்குப் பேசுங்கள். விமானத்தில் ஏற விருப்பமா என்று அப்பாவையே கேளுங்கள். அம்மாவிடம் கேட்டு அறிந்துகொள்ளாதீர்கள். சரி என்றால், சுவரில் முதுகைச் சாய்த்து உட்காரச் சொல்லி, இடுப்பிலிருந்து முழங்கால் வரை, முழங்காலிலிருந்து குதிகால் வரை அளக்கச் சொல்லுங்கள். எந்தக் கால் மடங்கவில்லை, எவ்வளவு உயரப் படி ஏற முடிகிறது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.